பொத்தானுக்குப் பின்னால் ஒரு வழிவரைபடம்

ஜாவா வலைப் பயன்பாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்து எந்தப் பக்கம் திறக்கும் என்பதை நிரலுக்குள் புதைக்காமல் தனியே எழுதிவைக்கும் ஏற்பாடு, 2004இல் வெளிவந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் (ஜேஎஸ்எஃப்) என்ற சட்டகத்தில் தொடக்கம் முதலே உண்டு. இன்று அந்தச் சட்டகத்தின் பெயர் ஜகார்த்தா ஃபேசஸ்.

பொத்தானுடன் இணைந்த மெத்தட் தன் வேலையை முடித்ததும் ஒரு சொல்லைத் திருப்பித் தருகிறது. ‘சேமித்தாயிற்று’, ‘இருப்பு இல்லை’ என்பதுபோல் நடந்ததை மட்டும் அது சொன்னால் போதும். எந்தப் பக்கத்தில், எந்தச் சொல் வந்தால், எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற விதிகள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான விதிக்கு நட்சத்திரக் குறி போதும். வெளியேறும் பொத்தான் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. மெத்தட் எதையும் தராமல் வெறும் ‘நல்’ மதிப்பைத் தந்தால் பயனர் பெரும்பாலும் இருந்த பக்கத்திலேயே இருப்பார்.

இந்த ஏற்பாட்டில் புதியவர்களைத் திகைக்கவைக்கும் விசித்திரம் ஒன்று உண்டு. திரையில் புதிய பக்கம் தெரியும்; உலாவியின் முகவரிப் பட்டையிலோ பழைய பக்கத்தின் முகவரியே நிற்கும். பெயர்ப்பலகையை மாற்ற மறந்து அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்ட பேருந்தைப் போல, முகவரி எப்போதும் ஓர் அடி பின்தங்கியே வரும். காரணம் எளியது. படிவம் தான் பிறந்த பக்கத்துக்கே போஸ்ட் முறையில் அனுப்பப்படுகிறது. பக்கம் மாறுவது சர்வருக்குள்ளேயே நடந்துவிடுவதால் உலாவிக்கு அது தெரிவதில்லை. அந்த நிலையில் பயனர் பக்கத்தைப் புதுப்பித்தால் அதே படிவம் மீண்டும் போகும். ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகலாம். விதியில் ‘ரீடைரக்ட்’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்தால், புதிய முகவரியைக் கேட்டு வரும்படி சர்வர் உலாவியைத் திருப்பி அனுப்பும், சிக்கல் தீரும். தரவை மாற்றும் எந்தச் செயலுக்கும் இந்தக் குறிப்பைச் சேர்க்காமல் விடுவது பெரும் அலட்சியம்.

பொத்தான் இல்லாமல், பக்கம் திறக்கும்போதே ஒரு செயல் நடக்க வேண்டிய சமயங்களும் உண்டு. முகவரியில் வரும் எண்ணைக் கொண்டு பொருளின் விவரத்தை எடுப்பதும், உரிமை இல்லாதவரை வேறு பக்கத்துக்கு அனுப்புவதும் அத்தகையவை. கேவின் கிங் உருவாக்கிய ஜேபாஸ் சீம் என்ற சட்டகம் இதற்குப் பக்கச் செயல் என்ற வசதியைத் தந்தது. அதே எண்ணம் 2013இல் ஜேஎஸ்எஃப் 2.2இல் ‘வியூ ஆக்‌ஷன்’ என்ற குறிச்சொல்லாக வந்தது. பக்கம் வரையப்படுவதற்கு முன்பே அது ஓடும். அதே பக்கத்தின் படிவம் திரும்பி வரும்போது, தனியாகக் கேட்டாலொழிய மறுபடி ஓடாது. எடுப்பதற்கும் சரிபார்ப்பதற்குமே இது உரியது. அழிக்கும் வேலையை இதில் வைப்பவர்கள், தேடுபொறியின் தானியங்கி ஒரு சுட்டியைத் தொடர்ந்தாலும் பதிவு அழிந்துபோகும் என்பதை எண்ண வேண்டும்.

எக்ஸ்எம்எல் விதிகளுக்கு மாற்றுவழியும் உண்டு: 2009இல் வந்த ஜேஎஸ்எஃப் 2.0 பதிப்பு முதல், விதி ஏதும் எழுதாமல் மெத்தடே பக்கத்தின் பெயரைத் தந்தாலும் சட்டகம் அங்கே கொண்டுசேர்க்கும். சின்னப் பயன்பாட்டுக்கு இது வசதி. பக்கங்கள் பெருகியபின் ஒரு கோப்பின் பெயரை மாற்றப் பல ஜாவா வகுப்புகளைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே பல படிகளாகச் செல்லும் படிவங்களுக்கு, பழைய எக்ஸ்எம்எல் விதிகளே இன்றும் பொருத்தமானவை.