பணியிட மின்னணுத் தொடர்பும் தொழிலாளர் சட்டமும்

பணியிட மின்னணுத் தொடர்பு என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாகமும் தொழிலாளரும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்சப் குழு, முகநூல் போன்றவற்றின் வழியே பணி தொடர்பாகப் பரிமாறிக்கொள்ளும் செய்திகளைக் குறிக்கும். இவை வாய்ப்பேச்சைப் போல மறைவதில்லை. எனவே ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம், அவதூறு வழக்கு ஆகியவற்றில் சான்றாக அமைகின்றன. ஒரு செய்தி தனிக்குழுவில் பகிரப்பட்டதா, பொதுவெளியில் இடப்பட்டதா என்பதைப் பொறுத்து அதன் சட்ட விளைவு மாறக்கூடும்.

திருவள்ளூர் வட்டாரத்தில்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. இரும்பு உருட்டாலைகள், வேதிப்பொருள் ஆலைகள், வாகன உதிரிபாக ஆலைகள் முதலியன இங்கு உள்ளன. நிரந்தரத் தொழிலாளருடன் ஒப்பந்தத் தொழிலாளரும் வட மாநிலங்களிலிருந்து வந்தோரும் பணிபுரிகின்றனர். இத்தகைய ஆலைகளில் ஷிப்டு மாற்றம், விடுப்பு, மிகைநேரப் பணி போன்றவை வாட்சப் குழுக்களில் அறிவிக்கப்படுவது உண்டு. அதே கைபேசியில் தொழிலாளர் தமக்குள் குறைகளையும் பேசிக்கொள்கின்றனர்.

2021 டிசம்பர் நிகழ்வு

2021 டிசம்பரில், திருப்பெரும்புதூர் பாக்சுகான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் இறந்துவிட்டதாகச் சமூக வலைத்தளங்களில் வதந்தி பரவியது. இறப்பு ஏதும் நிகழவில்லை. எனினும் உடன் பணிபுரிந்தோரைப் பற்றிய உறுதியான தகவல் கிடைக்காத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் ஈடுபட்டனர். வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவரைத் திருவள்ளூர் மாவட்டக் காவல்துறை கைது செய்தது. மூடப்பட்ட ஆலை 2022 சனவரி 12 அன்று மீண்டும் இயங்கத் தொடங்கியது. வதந்தி பொய்யாயினும் உணவு, தங்குமிடம் பற்றிய குறைகள் உண்மையானவை என்பது குறிப்பிடத்தக்கது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

2023ஆம் ஆண்டில் இரண்டு உயர்நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகள் தனிக்குழுவுக்கும் பொதுவெளிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகின்றன.

தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், ஊழியர்களின் தனிப்பட்ட வாட்சப் குழுவில் மேலதிகாரிகளை விமர்சித்தமைக்காக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அக்குறிப்பாணையை நீக்கினார். ஊழியர்கள் தம் மனக்குறையைத் தமக்குள் கொட்டித் தீர்க்கும் உரிமை உடையவர்கள் என்று அவர் கூறினார். எனினும் குழுவில் சட்டவிரோதச் செயலுக்குத் திட்டமிட்டால் இப்பாதுகாப்பு கிடைக்காது.

மகாராட்டிரத்தில், ஊதியப் பேச்சு நடைபெற்ற காலத்தில் நிறுவனத்துக்கு எதிராக முகநூலில் இரண்டு இடுகைகள் இட்ட தொழிலாளர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தொழிலாளர் நீதிமன்றம் பணிநீக்கத்தை ஏற்கவில்லை. ஆனால் மும்பை உயர்நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதனை உறுதி செய்தது. இடுகைகள் நிர்வாகத்தின் மீது வெறுப்பைத் தூண்டும் நோக்கம் கொண்டவை என்றும், கருத்துரிமைக்கும் வரம்பு உண்டு என்றும் அது கருதியது.

பொருந்தும் சட்டங்கள்

நிலையாணைகள்: எவை ஒழுங்கீனம் என்பதை ஆலையின் நிலையாணைகள் வரையறுக்கின்றன. இவை முன்பு 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தன. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்தது. இதன்படி 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு நிலையாணைகள் கட்டாயமாகும்.

குற்றவியல் சட்டம்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. ஆகவே செய்தி எரிச்சலூட்டுகிறது என்பதற்காக மட்டும் அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடர இயலாது. அவதூறு, பாரதிய நியாய சன்கிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் குற்றமாகவே தொடர்கிறது.

பாலியல் துன்புறுத்தல்: 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லால் நிகழும் துன்புறுத்தலையும் உள்ளடக்குவதால், கைபேசிச் செய்திகளும் அதன் வரம்பில் வருகின்றன. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். நிகழ்வு நடந்த 3 மாதத்திற்குள் முறையிட வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு இக்காலத்தை நீட்டிக்கலாம்.

சான்றாகும் செய்திகள்

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் படியை நீதிமன்றத்தில் முன்வைக்கும்போது உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். ஆலையின் உள்விசாரணையில் சாட்சியச் சட்ட விதிகள் கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதில்லை. எனினும் குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளருக்கு அச்செய்தியின் படியைக் காட்டி, மறுமொழி கூற வாய்ப்பளிப்பது இயற்கை நீதியாகும்.

இச்சான்று நிர்வாகத்துக்கு மட்டும் உரியதன்று. நியமன ஆணை பெறாத ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், தாம் அங்குப் பணிபுரிந்ததையும் மிகைநேரம் உழைத்ததையும் மெய்ப்பிக்க மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்சப் செய்தி உதவக்கூடும். செய்தியை அழித்துவிட்டால் இருதரப்புக்கும் அச்சான்று இல்லாமற்போகிறது.