கோலம் ஆடுகிறது!

மார்கழி விடியற்காலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசல். "7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை!" என்று பாட்டி சொல்கிறாள். பேத்தி குனிந்து மாவை விடுகிறாள். கண் மூடித் திறப்பதற்குள் 37 புள்ளிகள்!

அம்மணி, பாட்டி சொன்ன அந்த ஒரு வரி இருக்கிறதே, அதற்குத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் 'புரோகிராம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படத்தைக் கொடுப்பதில்லை, படம் போடும் விதியைக் கொடுப்பது!

வேடிக்கைப் பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும், கோலத்துக்கும் இலக்கணம் உண்டென்று 1974-இல் சர்வதேச ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதினார்கள். மூவரில் இருவர் பெண்மணிகள்!

சரி, கோலம் ஆடுவது எப்படி? அதற்குச் சிதம்பரம் போவோம். கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்கள். ஒவ்வொன்றும் அசையாமல்தான் நிற்கிறது. பார்த்துக்கொண்டே நடந்தால் கல்லே ஆடுவதுபோல் பிரமை தட்டும். சினிமாவும் இதே சூட்சுமந்தான். விநாடிக்கு 24 நிலைப்படங்கள், நிமிஷத்துக்கு 1,440. அத்தனையும் கையால் போட்டால் இடுப்பு என்னாவது?

புரோகிராமில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "ஒவ்வொரு படத்திலும் கோலத்தை ஒரு பாகை திருப்பு." 360 படங்களில், அதாவது 15 விநாடியில், கோலம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து நிற்கும்! இதற்கென்றே 'பிராசஸிங்' என்ற மென்பொருளை 2001-இல் கேஸி ரீஸ், பென் ஃப்ரை என்ற இருவர் உருவாக்கினார்கள். காசு கொடுக்க வேண்டாம். பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் என்ற அம்மையாரோ 1968-லேயே கம்ப்யூட்டரில் சித்திரம் போட ஆரம்பித்துவிட்டார். 2023-இல் அவர் காலமானபோது வயது 99.

இயந்திரத்துக்குச் சலிப்பு கிடையாது, ரசனையும் கிடையாது. எந்த நிறம், எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் மனிதர் சொல்ல வேண்டியவை. ஒரு புள்ளி பிசகினால், பிசகியபடியே 1,440 படமும் போட்டு வைக்கும்!

இப்போது பல வாசல்களில் ஒட்டுக் கோலம் வந்துவிட்டது. குனிய வேண்டாம், எண்ண வேண்டாம். ஆனால் பாட்டியின் விதி கேட்பாரற்றுப் போய்விட்டால், அதை மீட்டுத் தர எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது.

ஆகையால், உங்கள் பெண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், "உனக்கெதற்கடி இது?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "7 புள்ளி, ஊடுபுள்ளி..." என்று எடுத்துக் கொடுங்கள்!