யார் சுற்றுலாப் பயணி? மாத்தளையிலிருந்து ஒரு விளக்கம்

மாசி மகத்துக்கு மாத்தளை நகரம் நிரம்பிவிடும். ஸ்ரீ முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது வடம் பிடிக்கும் கூட்டத்தில் உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். கொழும்பிலிருந்து முதல்நாளே வந்து பெரியம்மா வீட்டில் தங்கியவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டவென்று ரொறன்ரோவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றும் இருக்கும். ஆனால் ஓரமாக நின்று படமெடுக்கும் வெள்ளைக்காரரை மட்டுந்தான் நாம் 'டூரிஸ்ட்' என்போம். உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தின்படி பார்த்தால், அந்தக் கூட்டத்தில் இன்னும் பலருக்கு அந்தப் பெயர் பொருந்தும்.

ஐ.நா. வெளியிட்ட 2008ஆம் ஆண்டுச் சுற்றுலாப் புள்ளிவிவரப் பரிந்துரைகள்தான் இன்று எல்லா நாடுகளுக்கும் அடிப்படை. அவை கேட்பது மூன்று கேள்விகள். வழக்கமாகப் புழங்கும் சூழலைத் தாண்டிப் போனாரா? தங்கப்போவது ஓராண்டுக்கும் குறைவாகவா? போகும் இடத்தில் உள்ளவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போகாமல் வேறு நோக்கத்துக்காகப் போனாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் அவர் வருகையாளர். போன இடத்தில் ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி, அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர்.

நோக்கம் உல்லாசமாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கோவில், கல்யாணம், வைத்தியம், படிப்பு, வியாபாரப் பேச்சு, உறவினரைப் பார்ப்பது எல்லாம் சேர்த்தி. ஹோட்டலில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பெரியம்மா வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்தாலும் அது தங்கிய இரவுதான். ஆகவே கொழும்பிலிருந்து வந்தவர் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணி. ரொறன்ரோக் குடும்பம் வெளிநாட்டுப் பயணிகள். தகப்பன் மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்தவராக இருந்தாலும் சரிதான். ஏனென்றால் இந்தக் கணக்கு பார்ப்பது எங்கே குடியிருக்கிறார் என்பதை. எங்கே பிறந்தார், எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அடுத்த விஷயம். சீகிரியா டிக்கட் கவுண்டரில் வெளிநாட்டவருக்கு டொலரிலும் நம்மவருக்கு ரூபாவிலும் விலை சொல்கிறார்களே, அது குடியுரிமையைப் பார்த்துச் செய்யும் பிரிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உக்குவளைக்காரருக்கு மாத்தளை டவுன் சந்தைக்கும் பாடசாலைக்கும் வங்கிக்கும் வந்துபோகும் இடம். அவர் வருகையாளரே அல்ல. தமிழகத்திலிருந்து திருவிழாவுக்கு நாதஸ்வரக் கச்சேரி செய்ய வருபவர் தொழில்நிமித்தம் வந்த பயணி. அதே தமிழகத்திலிருந்து கோபுர வேலைக்கு மாதச் சம்பளத்தில் வந்து தங்கும் சிற்பி இந்தக் கணக்கில் வரமாட்டார். கச்சேரிக்காரர் கணக்கில் வர, சிற்பி வராமல் போவது அந்த மூன்றாவது கேள்வியால்.

அந்தக் கேள்விக்கு மாத்தளையில் தனிக் கனம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, நடந்தே மாத்தளையை வந்தடைந்தார்கள். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்தது கூலிக்கு; ஆகவே எந்த வரைவிலக்கணத்திலும் அவர்கள் பயணிகள் அல்லர். மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஏறக்குறைய அதே வழியில் வந்து ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்தது. வெளியூர்களிலிருந்து வந்து வழியில் தங்கித் தங்கி நடந்த அந்தச் சந்ததியினரைப் புள்ளிவிவரக்காரர் தயங்காமல் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் என்று எழுதலாம். பாதை ஒன்றுதான். முன்னோர் நடந்ததற்குக் கணக்கே இல்லை, பேரப்பிள்ளைகள் நடந்தது சுற்றுலா. வரைவிலக்கணம் தவறென்று நான் சொல்லவில்லை. செலவு செய்ய வருபவரையும் உழைத்துச் சம்பாதிக்க வருபவரையும் பிரிக்காவிட்டால் ஊருக்கு வெளியிலிருந்து வந்த பணம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனிதர் ஏன் வந்தார் என்பதற்கு அது முழுப் பதில் ஆகாது என்பதை இந்த மாவட்டத்தில் உள்ள எவரும் அறிவார்.

இதே மாவட்டத்தில்தான் தீவின் மிகப் பழைய வருகைப் பதிவேடும் இருக்கிறது. சீகிரியாவின் கண்ணாடிச் சுவரில், காசியப்ப மன்னன் காலத்துக்குப் பிறகு பல நூற்றாண்டுகளாக ஏறி வந்தவர்கள் சிங்களத்தில் கவிதைகளைக் கீறிவிட்டுப் போனார்கள். அவற்றில் 685ஐப் படித்து 1956இல் நூலாக்கியவர் தொல்லியலாளர் செனரத் பரணவிதான. எழுதியவர்களில் பிக்குகளும் படைவீரர்களும் பெண்களும் இருந்தார்கள். சிலர் பெயரோடு ஊரையும் பொறித்திருக்கிறார்கள். இன்றைய வருகை அட்டை கேட்பதும் இவற்றைத்தானே.

யார் பயணி என்று வகுக்கும் வேலையை உலக அமைப்புகள் தொடங்கியது மிகப் பின்னால்தான். 1937இல், ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு, சுற்றுலாப் பயணி என்றால் வேறு நாட்டில் 24 மணிநேரமாவது தங்குபவர் என்று வகுத்தது. 1963இல் ரோமில் கூடிய ஐ.நா. மாநாடு தங்குபவரையும் அன்றே திரும்புபவரையும் பிரித்தது. பின்னர் 24 மணிநேரம் போய் ஓர் இரவு வந்தது. கப்பலில் வந்து இறங்கி, பஸ்ஸில் சீகிரியா பார்த்துவிட்டு, இரவு கப்பலிலேயே தூங்கும் பயணி ஒருநாள் வருகையாளர் ஆவது இதனால்தான்.

மாத்தளைக்கு இந்த இரவுக் கணக்கு வயிற்றுப்பாட்டு விஷயம். கண்டியில் அறை எடுத்தவர் காலையில் வேனில் ஏ9 வீதியால் வருகிறார். மாத்தளையில் அம்மன் கோவில் முன் பத்து நிமிடம். பிறகு ஒரு வாசனைத் திரவியத் தோட்டம்: வழிகாட்டி கறுவாப் பட்டையை உரித்து மூக்கருகே பிடிப்பார், சாதிக்காயைப் பிளந்து சிவந்த சாதிபத்திரியைக் காட்டுவார், முடிவில் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய கடைக்குள் கூட்டிப்போவார். அலுவிகாரை, நாலந்தா கெடிகே இரண்டும் வழியிலேயே இருந்தும் பல வேன்கள் நிற்காமல் போகும். மத்தியானத்தில் சீகிரியா, இருட்டுமுன் மறுபடி கண்டி. இலங்கையின் கணக்கில் இவர் சுற்றுலாப் பயணி. மாத்தளை மாவட்டத்தின் கணக்கில் ஒருநாள் வருகையாளர். அறை வாடகையும் இரவுச் சாப்பாடும் கண்டிக்குப் போய்விடுகின்றன. குப்பையும் கழிவறைத் தேவையும் வாகன நெரிசலும் இங்கே தங்குகின்றன.

இலங்கை எண்ணிக்கை எடுப்பது பெரும்பாலும் நாட்டின் வாசலில். சுற்றுலாச் சபை அமைக்கப்பட்ட 1966இல் வந்தவர்கள் 18,969 பேர். 2018இல் 23,33,796 பேர். 2024இல் 20,53,465 பேர். நாட்டுக்கு இந்த எண் போதும். மாவட்டத்துக்குப் போதாது. ஹோட்டல் பதிவேடும் சீகிரியா டிக்கட்டும் ஓரளவு சொல்லும். டிக்கட் இல்லாமல் தேர் பார்க்க வந்து சொந்தக்காரர் வீட்டில் படுத்தவரை எந்தப் பதிவேடும் காட்டாது. கணக்கில் இல்லாத கூட்டத்துக்கு பஸ் தரிப்பிடமோ குடிநீர்க் குழாயோ கேட்டு வாதாடுவது கடினம்.

இனி சுற்றுலாவுக்கான உலக அமைப்புகள். முதன்மையானது மட்ரிட்டைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. சுற்றுலா அமைப்பு. அதன் சட்டவிதிகள் 1970 செப்டம்பர் 27 அன்று மெக்சிகோ நகரில் நிறைவேறின. உலகச் சுற்றுலா தினம் அந்த நாளில் வருவது அதனால்தான். 2003இல் ஐ.நா.வின் சிறப்பு முகவர் அமைப்பானது. நாடுகள் ஒரே அளவுகோலால் எண்ணும்படி செய்வது, எண்களைத் தொகுத்து வெளியிடுவது, அரசுகளுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. 1950இல் உலகெங்கும் 2.5 கோடியாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2019இல் 146 கோடியானார்கள் என்று நாம் அறிவது இந்தத் தொகுப்பினால். பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான உலகப் பயண, சுற்றுலாப் பேரவை 1990இலிருந்து இருக்கிறது; ஆசிய பசிபிக் நாடுகளுக்கான பாட்டா என்ற பயணச் சங்கம் 1951இலிருந்து. இவை தொழில்துறையின் குரல்கள்.

மாத்தளையின் மண்ணில் நேரடியாகத் தடம் பதித்தது யுனெஸ்கோதான், அது சுற்றுலா அமைப்பு அல்ல என்றாலும். சீகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகை விகாரை 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. 2010இல் மத்திய மலைநாடு சேர்ந்தபோது நக்கிள்ஸ் மலைத்தொடரும் அதற்குள் வந்தது. அந்தப் பட்டியல் பெயர் ஊருக்கு வேன்களைக் கொண்டுவரும். காட்டையும் கல்லையும் காக்கும் பொறுப்பையும் அரசின் தலையில் வைக்கும்.

இந்த அமைப்புகள் எதுவும் உத்தரவு போட முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, மே மாதத்தில் 37,802 பேர்தான் நாட்டுக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு மே மாதத்தில் வந்தவர்கள் 1,29,466. போகாதீர்கள் என்று தம் மக்களை எச்சரித்தவை தனித்தனி அரசுகள். அந்த எச்சரிக்கைகளை நீக்கச் சொல்லும் அதிகாரம் மட்ரிட்டுக்கு இல்லை. 1999இல் சிலியின் சாந்தியாகோவில் நிறைவேறிய சுற்றுலா ஒழுக்கக் கோவை, வரவேற்கும் ஊர்மக்களுக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்கிறது. அதுவும் கட்டாயம் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே மாவட்டத்துக் கண்டலமைக் குளக்கரையில் ஹோட்டல் எழப்போகிறது என்றபோது, தண்ணீர் கெட்டுவிடும் என்று கிராமத்தவர்களும் பிக்குகளும் தெருவில் இறங்கினார்கள். அப்போது அந்தக் கோவைகூட இருக்கவில்லை. ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த ஹோட்டல் இன்று உலகப் புகழ் பெற்றது. ஆனால் கிராமத்தவர்கள் கேட்டது நியாயமான கேள்வி என்பதே என் எண்ணம்.

அந்தக் கேள்வியை எண்ணாக்கும் வழி இப்போதுதான் வந்திருக்கிறது. 2024இல் ஐ.நா. புள்ளிவிவர ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட புதிய சட்டகம், வருகையையும் வருமானத்தையும் எண்ணுவதோடு நிற்காமல் தண்ணீர், குப்பை, வேலைவாய்ப்பு, ஊர்மக்களின் நிலை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கச் சொல்கிறது. அதுவும் நாடளவில் மட்டுமல்லாமல் உள்ளூர் அளவிலும். மாத்தளையில் இதைத் தொடங்க ஏற்ற நாள் மாசி மகம். அன்று வீதியில் நின்று கேட்க வேண்டியவை சில கேள்விகள்தான்: எங்கிருந்து வந்தீர்கள், இன்றிரவு எங்கே தங்குகிறீர்கள், இந்த ஊரில் என்ன வாங்கினீர்கள்?