பாதி குடலைப் பார்த்தால் போதுமா? முழு கொலோனோஸ்கோப்பி ஏன் முக்கியம்?

பெருங்குடலின் நீளம் சுமார் 150 செ.மீ. அதில் கடைசி 60 செ.மீ. மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்றால் நம்பலாமா? 'சிக்மாய்டோஸ்கோப்பி' பரிசோதனையின் குழாய் குடலின் இடது பக்கம் வரைதான் எட்டும். செலவு குறைவு, சீக்கிரம் முடியும். வீண் என்றும் சொல்ல முடியாது. ஆனால், வலது பக்கம்?

பாலிப் என்றால் என்ன?

குடலின் உட்சுவரில் மரு போல முளைக்கும் சின்ன சதை வளர்ச்சிதான் பாலிப். பெரும்பாலானவற்றால் ஆபத்து இல்லை. 'அடினோமா' வகையில் சில மட்டும், பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறலாம். பொதுவாக வலியோ அறிகுறியோ இருக்காது. கொலோனோஸ்கோப்பியில் கண்ணில் பட்டால், பெரும்பாலும் அப்போதே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடலாம்.

2000-ல் தெரிந்தது என்ன?

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான 13 மருத்துவ மையங்களில், அறிகுறியே இல்லாத 3,121 பேருக்குக் குடல் முழுக்கப் பரிசோதிக்கப்பட்டது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2000-ல் முடிவுகள் வெளியாகின. குடலின் மேற்பகுதியில் ஆபத்தான நிலை பாலிப் அல்லது புற்றுநோய் இருந்தவர்கள் 128 பேர். இவர்களில் 52 சதவீதம் பேருக்கு கீழ்ப்பகுதியில் ஒரு அடினோமாகூட இல்லை. பாதி குடலோடு நிறுத்தியிருந்தால், 'ஒண்ணும் இல்லை' என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்!

'முழு' என்றால் எதுவரை?

குடல்வால் ஒட்டியிருக்கும் 'சீக்கம்' வரை. குழாயை வெளியே இழுக்கும்போதுதான் சுவரை நிதானமாகப் பார்ப்பார்கள். இதற்குக் குறைந்தது 6 நிமிடமாவது வேண்டும். குடல் சுத்தமாக இல்லையென்றால் தட்டையான பாலிப்கள் மறைந்துவிடும். அதனால், வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீங்க. குழாய் சீக்கம் வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள்.

யாருக்குத் தேவை?

அமெரிக்க வல்லுநர் குழு, பரிசோதனை தொடங்கும் வயதை 2021-ல் 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது. பெற்றோர், உடன்பிறந்தோருக்குக் குடல் புற்றுநோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே தேவைப்படலாம். 'பிளாக் பேந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 43.

ரத்தக் கசிவு, குடலில் துளை போன்ற சிக்கல்கள் அரிதாக வரலாம். எனவே, யாருக்கு எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், மலத்தில் ரத்தம் வந்தால், 'மூலமாத்தான் இருக்கும்' என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.