கிணற்றுக்கு ஏற்ற மோட்டார்

தருமபுரி மாவட்டத்தில் ஆற்று நீரும் ஏரி நீரும் எட்டாத நிலங்கள் மிகுதி. அவற்றுக்குக் கிணறே கதி. மோட்டார் வாங்கக் கடன் கேட்டுச் சங்கத்திற்கு வரும் அங்கத்தினரை, எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று வினவினால், "பக்கத்துத் தோட்டத்தில் ஏழரை ஓடுகிறது, எனக்கும் அதுவே இருக்கட்டும்" என்று விடை வருவதுண்டு. ஆனால், பக்கத்துக் கிணற்றின் ஊற்று நம் கிணற்றிலும் உண்டு என்பதற்கு உறுதி யாது? இம்மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறை நிலம். பாறை வெடிப்புகளின் வழியாகவே நீர் கசிந்து வருகிறது. ஒரு கிணற்றில் அகப்பட்ட வெடிப்பு, சற்றுத் தள்ளித் தோண்டிய மற்றொன்றில் அகப்படாமற் போகலாம்.

கவலை இறைத்த காலத்தில், சால் நிறையாமல் மேலே வந்ததும் மாடுகளை அவிழ்த்துவிடுவர். மோட்டாருக்கோ தானே நிற்கத் தெரியாது. ஆகவே, வாங்குமுன் நாம்தாம் கணக்கிட வேண்டும்.

முதலாவது, ஊற்று. கோடைக்காலத்தில் கிணற்றை நன்கு இறைத்துவிட்டு, அதன்பின் ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். 6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் 40 சென்டிமீட்டர் ஏறினால், ஊறிய நீர் ஏறத்தாழ 11,300 லிட்டர். அதாவது விநாடிக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல்.

இரண்டாவது, உயரம். கோடையில் நீர் நிற்கும் மட்டத்திலிருந்து நீர் விழும் இடம் வரையுள்ள செங்குத்து உயரத்தோடு, குழாயின் உராய்வால் நேரும் இழப்பையும் சேர்த்துக்கொள்க. மொத்தம் 25 மீட்டர் என்று கொள்வோம்.

விநாடிக்கான லிட்டரை உயரத்தால் பெருக்கி 75ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். மூன்றை இருபத்தைந்தால் பெருக்க 75, வகுக்க 1. பம்பிலும் மோட்டாரிலும் பாதித் திறன் வீணாவதாகக் கொண்டால் 2. இரவில் தேங்கிய நீரையும் இறைக்க வேண்டுமாதலால், 3 குதிரைத்திறன் போதுமானது.

இதே கிணற்றில் ஏழரையை இறக்கினால் நேர்வது என்ன? விநாடிக்குச் சுமார் 11 லிட்டர் இறைத்து, ஒரு மீட்டர் ஆழ நீரை ஒரு மணி நேரத்தில் வற்றச் செய்துவிடும். மூன்றோ, அதே நீரைக் கொண்டு ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓடும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதனைச் சூழ்ந்த நீரே. நீரின்றி ஓடினால் புஷ் தேயும், காயில் கருகும். உழவுக்கு மின்சாரம் இலவசமாயினும், காயில் கட்டும் கூலி இலவசமன்று; முதற்கடன் தீருமுன் இரண்டாங்கடனுக்கு விண்ணப்பிக்க நேரிடும்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். மேலே வைக்கும் மோனோபிளாக் பம்பை நீர்மட்டத்திலிருந்து 6 மீட்டர் உயரத்திற்குள் அமைத்தல் வேண்டும். அதற்கு மேல் உறிஞ்சல் தளர்ந்துவிடும். குழாயிலும் சிக்கனம் கூடாது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே அளவு நீருக்கு உராய்வு ஏறக்குறைய முப்பது மடங்காகும்.

மோட்டார்க் கடன் கேட்டு வரும் அங்கத்தினர்கள், கிணற்றின் குறுக்களவு, நீர் ஏறிய அளவு, உயரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருவார்களாக. அந்தக் கணக்கு கிணற்றையும் காக்கும், கடனையும் குறைக்கும்.