பத்து நாளைக்குப் பின், பதினாறுக்கு முன்

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத எருமைக்கன்று வயிறு உப்பி, மயிர் சிலிர்த்து, சாம்பல் நிறத்தில் நாற்றமாகக் கழிகிறது. நிந்தவூர் வயல்வெளியில் பட்டி வைத்திருப்பவர் பார்த்தவுடன் பூச்சி என்பார். அது டொக்சோகாரா விட்டுலோரம் என்னும் உருளைப்புழு. வளர்ந்த பெண் புழு ஒரு சாணைத் தாண்டும். இன்னும் புல்லைச் சரியாகக் கடிக்காத கன்றுக்குள் இத்தனை பெரிய புழு வந்த வழி எது?

தாய்ப்பால். மேயும்போது முட்டைகளை விழுங்கும் தாயெருமையின் குடலில் இந்தப் புழு வளர்வதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஈரலுக்கும் தசைக்கும் போய் ஒடுங்கிவிடுகிறது. ஈனும் காலம் நெருங்கியதும் அது விழித்து மடியை நோக்கி நகர்கிறது. மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த உயிர் சரியாக அந்தக் காலத்தில் புறப்படுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புத் தட்டும்.

பாலைக் கொடுக்காமல் விடலாமென்றால் அதற்கும் வழியில்லை. எருமைக்கன்று கருவிலிருக்கும்போது தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் அதற்குப் போய்ச் சேருவதில்லை. கடும்புப்பாலைக் குடித்துத்தான் அவற்றைப் பெறவேண்டும்.

1980களில் இலங்கை எருமைகளில் இதை ஆராய்ந்தவர் ஜே. ஏ. ரொபர்ட்ஸ். பால்வழியே குடம்பி வருவது ஏறத்தாழ முதல் பத்து நாள்தான். மூன்று வாரமானதும் புழு முதிர்ந்து முட்டையிடத் தொடங்கும். ஆகவே 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் பைரன்டெல் மருந்தை ஒரு தடவை கொடுத்தால் போதும். முந்திக் கொடுத்தால் பின்னால் வரும் குடம்பிகள் தப்பிவிடும். பிந்தினால் முட்டைகள் சாணத்தோடு தரைக்கு வந்துவிடும். நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் விழும் தடித்த ஓட்டு முட்டைகள் அவை. எருமை படுத்துப் புரளும் ஈரமும் நிழலும் இருந்தால் மாதங்கள் தாங்கும். அடுத்த ஈற்றுக்கான விதை அங்கேதான் கிடக்கிறது.

கழிச்சல் கண்ட பிறகு மருந்து தேடுவதே நம் வழக்கம். சில மாதங்களில் கன்றின் உடல் தானாகவே புழுக்களை வெளியேற்றிவிடுவதால், பிந்திக் கொடுத்த மருந்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அதற்குள் வளர்ச்சி குன்றியதும், தரையில் முட்டை நிறைந்ததும் கணக்கில் வருவதில்லை.

சுகமாகத் துள்ளும் கன்றுக்கு மருந்து கொடுக்க மனம் வராதுதான். ஆனாலும் கொடுக்கத்தான் வேண்டும், பட்டியில் பிறக்கும் ஒவ்வொன்றுக்கும். வெளியில் மேயும் பட்டியில் எது எந்த நாளில் ஈன்றது என்பது மறந்துபோகும். ஈன்ற அன்றே கன்றின் கழுத்தில் நிறக்கயிறு கட்டி, திகதியை எழுதி வைக்கலாம். அந்தத் திகதியோடு கால்நடை வைத்தியரிடம் போனால், கன்றின் எடைக்கேற்ற அளவை அவர் சொல்வார்.