இரவில் காலியாகும் கார் பேட்டரி: கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் இதழில் கார் பேட்டரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைய காரில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கதவுப் பூட்டுக்கும் விளக்குகளுக்கும் ஒரு கம்ப்யூட்டர், காற்றுப் பைகளுக்கு ஒன்று எனப் பல சிறு கம்ப்யூட்டர்கள் உள்ளன. இவை ஒன்றோடொன்று பேசிக் கொள்ள 'கேன்' என்னும் நெட்வொர்க் பயன்படுகிறது. பாஷ் நிறுவனம் இதனை 1986ல் அறிமுகப்படுத்தியது. நாம் சாவியை எடுத்துக் கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்த பிறகு இவை எல்லாம் தூங்க வேண்டும். தூங்காமல் ஏதாவது ஒன்று விழித்திருந்தால், காலையில் கார் கிளம்பாது.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. திண்டுக்கல்லில் இருக்கும் என் அப்பா, அம்மாவைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்லக் காலை ஐந்தரை மணிக்குக் காரை எடுத்திருக்கிறார். 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளிவிட்டும் பயனில்லை. கடைசியில் பஸ்ஸில் போனார்கள். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான் பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியிருந்தார். போனில் அப்பா சொன்னது, "உன் கம்ப்யூட்டர் மூளையை வைத்து இதைக் கண்டுபிடி. இன்னொரு பேட்டரிக்கு நான் பணம் தர மாட்டேன்."

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கார் மெக்கானிக் அல்ல. ஆனால் புரோகிராமில் தவறு கண்டுபிடிக்கும் முறை இங்கும் அப்படியே பொருந்தியது. ஊகத்தில் பொருளை மாற்றக் கூடாது. முதலில் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டது ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டுமே. எலக்ட்ரிகல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

குற்றவாளி பேட்டரியா, காரா?

முதல் கேள்வி இதுதான். பேட்டரியே கெட்டுப் போயிருக்கலாம். அல்லது பேட்டரி நன்றாக இருந்து, கார் அதைக் குடித்துக் கொண்டிருக்கலாம். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. பேட்டரியை முழுவதுமாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, வோல்ட் அளவைக் குறித்துக் கொள்ளுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால் பங்கு. பின்னர் நெகட்டிவ் முனையில் உள்ள கேபிளைக் கழற்றிவிட்டு இரவு முழுவதும் விடுங்கள். காலையில் அளவு இறங்கியிருந்தால் பேட்டரி மீதே குற்றம். இறங்கவில்லை என்றால் கார்தான் திருடன்.

எங்கள் பேட்டரி மாலையில் 12.63, காலையில் 12.62 காட்டியது. பாவம், அதன் மீது பழி போட்டோம்! பழைய பேட்டரியும் நல்லதாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போது வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அடுத்து, கார் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளை மாட்டி, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். எங்களுக்கு 14.2. இதிலும் குறையில்லை. ஆக, இன்ஜின் நின்ற பிறகு ஏதோ ஒன்று மின்சாரத்தை இழுக்கிறது.

கசிவை அளப்பது எப்படி?

இங்குதான் கவனம் தேவை. வோல்ட் அளப்பது போல இரு முனைகளிலும் மீட்டரை வைக்கக் கூடாது. மின்சாரம் மீட்டரின் வழியாகவே ஓட வேண்டும். மீட்டரின் சிவப்பு வயரை '10 ஆம்பியர்' என்று குறித்த துளைக்கு மாற்றி, டயலையும் அதே அளவுக்குத் திருப்புங்கள். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையைக் கழற்றிய கேபிளிலும், மற்றொன்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். காரின் மின்சாரம் முழுவதும் இப்போது மீட்டரைக் கடந்துதான் போக வேண்டும்.

மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது எக்காரணம் கொண்டும் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டர் தாங்காது. விலை குறைந்த மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பாதுகாப்பு ஃப்யூஸ் கூட இருப்பதில்லை. அப்பா பழக்க தோஷத்தில் சாவியைத் திருகப் போனார், நல்லவேளை, தடுத்துவிட்டேன். அதன் பிறகு சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. பேட்டரிக்கு அருகில் தீப்பொறியும் கூடாது. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

இணைத்தவுடன் மீட்டர் 2.4 ஆம்பியர் காட்டியது. "பிடிபட்டது!" என்று நான் குதித்தது தவறு. கேபிளை மீண்டும் இணைத்தவுடன் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக் கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஃபேன் வேகமாகச் சுற்றி, சிறிது நேரத்தில் அடங்குவதில்லையா, அது போல. இவை தூங்கச் சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரம் வரை ஆகும். அதுவரை கதவுகளைத் திறக்கக் கூடாது. ரிமோட் சாவி தானாகவே காரோடு பேசும் வகையாக இருந்தால், அதையும் வீட்டுக்குள் தூரமாக வைத்துவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் அளவு 0.62 ஆம்பியரில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

இது அதிகமா, குறைவா? கடிகாரம், அலாரம், கதவுப் பூட்டின் ரிமோட் ஆகியவற்றுக்காக எல்லாக் கார்களும் சிறிது மின்சாரம் எடுக்கும். பெரும்பாலான கார்களில் இது 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். எங்கள் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-அவர். 50 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் அது காலியாக 700 மணி நேரம், ஏறக்குறைய 29 நாட்கள் ஆகும். 0.62 ஆம்பியர் வீதம் எடுத்தால் 56 மணி நேரம்தான். இரண்டரை நாள் கூடத் தாங்காது.

அப்படியானால் ஒரே இரவில் எப்படிப் படுத்தது? அப்பாவின் ஓட்டத்தைக் கேட்டபோது புரிந்தது. மார்க்கெட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், கோவிலுக்கு மூன்று கிலோமீட்டர். பத்து நிமிட ஓட்டத்தில் இரவில் இழந்த சார்ஜ் திரும்ப ஏறுவதில்லை. எனவே பேட்டரி எப்போதும் பாதி நிலையிலேயே, அதாவது 17 ஆம்பியர்-அவர் அளவிலேயே இருந்திருக்கும். பன்னிரண்டு மணி நேரத்தில் அதில் ஏழு போய்விட்டால் மீதம் பத்து. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றாது. "ஹாரன் அடிக்கிறதே, பேட்டரி எப்படிக் காலியாகும்?" என்று அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஒவ்வொரு ஃப்யூஸாக...

கசிவு இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே என்பதை ஃப்யூஸ் பெட்டி சொல்லும். ஒவ்வொரு ஃப்யூஸும் காரின் ஒரு பகுதிக்கு மின்சாரம் தருகிறது. ஒன்றைக் கழற்றி, மீட்டரைப் பார்த்து, மாற்றமில்லை என்றால் அதே இடத்தில் மாட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். எந்த ஃப்யூஸைக் கழற்றியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ, குற்றவாளி அந்த வழியில் இருக்கிறார். கழற்றும் முன் ஃப்யூஸ் பெட்டியை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல். ஃப்யூஸ் பெட்டி டிரைவர் கதவுக்கு அருகில், உள்ளே இருக்கிறது. கதவைத் திறந்தால் விளக்கு எரியும், கம்ப்யூட்டர்கள் மீண்டும் விழிக்கும். நானும் திறந்துவிட்டு இன்னொரு அரை மணி நேரத்தை வீணாக்கினேன். பிறகு, திறந்த கதவில் உள்ள பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டு வந்தோம். கதவு மூடிவிட்டது என்று கார் நம்பியது. வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். இல்லையென்றால் பூட்டு உடையும்.

பதினொன்றாவது ஃப்யூஸில் 0.62 என்பது 0.03 ஆனது. மூடியில் பார்த்தோம். ஆடியோ.

எனக்கு முகம் வாடிவிட்டது. தொடுதிரையுடன் கூடிய அந்த மியூசிக் சிஸ்டம், தீபாவளிக்கு நான் வாங்கி மாட்டிக் கொடுத்தது.

சிவப்பும் மஞ்சளும்

வெளியில் வாங்கி மாட்டும் மியூசிக் சிஸ்டங்களில் வழக்கமாக இரண்டு மின்சார வயர்கள் வரும். மஞ்சள் வயர் நேராக பேட்டரியில் இணையும். நேரத்தையும், நீங்கள் பதிந்து வைத்த ஸ்டேஷன்களையும் நினைவில் வைக்க அது தேவை. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறதே, அது கடிகாரத்தை ஓட வைப்பது போலத்தான் இதுவும். சிவப்பு வயர் சாவியோடு இணைய வேண்டும். சாவியைத் திருப்பினால் சிவப்பில் மின்சாரம் வரும், சிஸ்டம் விழிக்கும். சாவியை எடுத்தால் மின்சாரம் நிற்கும், சிஸ்டம் தூங்கும்.

எங்கள் காரில் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி டேப் ஒட்டியிருந்தார்கள். மாட்டிக் கொடுத்த கடைக்காரரைக் கேட்டேன். "சாவி இல்லாமலும் பாட்டு கேட்கலாம்ல சார்" என்றார். சாவி எப்போதும் போடப்பட்டிருப்பதாக எண்ணி, அந்த சிஸ்டம் இரவு முழுவதும் இயங்கிக் கொண்டிருந்தது. அப்பா தினமும் அதிலிருந்த பட்டனை அழுத்தித் திரையை அணைத்திருக்கிறார். அணைந்தது திரை மட்டுமே.

சிவப்பு வயரைப் பிரித்து, சாவியோடு இயங்கும் ஒரு ஃப்யூஸ் வழியில் இணைக்க ஓர் எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேரம் ஆனது. மறுபடி அளந்தோம். 0.03 ஆம்பியர்.

எல்லோர் வீட்டிலும் மியூசிக் சிஸ்டம்தான் காரணமாக இருக்கும் என்பதில்லை. டிக்கி மூடிய பிறகும் எரியும் 5 வாட் விளக்கு ஒன்றே 0.4 ஆம்பியர் எடுக்கும். பிறகு மாட்டிய டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, ஒட்டிக் கொண்ட ரிலே ஆகியவற்றையும் பாருங்கள். எந்த ஃப்யூஸைக் கழற்றியும் அளவு இறங்கவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். சிக்னலில் தானாக நின்று கிளம்பும் கார் என்றால், பேட்டரி கேபிளில் சென்சார் இருக்கும். கழற்றும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொள்வது நல்லது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. எலக்ட்ரிக் கார்களிலும் பெரிய பேட்டரியைத் தவிர 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு. அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் அப்பா செய்ததைச் செய்வதுண்டு. டெஸ்க்டாப்பில் மானிட்டர் பட்டனை அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். உள்ளே பிராசசரும் ஹார்ட் டிஸ்க்கும் இயங்கிக் கொண்டே இருக்கும். முறைப்படி ஷட் டவுன் செய்த பிறகும் பவர் சப்ளை, மதர்போர்டுக்கு 5 வோல்ட் தந்து கொண்டிருக்கும். பவர் பட்டனின் அழுத்தத்தை உணர அது வேண்டும். சுவர் ஸ்விட்சை அணைத்தால்தான் அதுவும் நிற்கும். லேப்டாப்பின் மூடியைச் சாத்துவதும் பெரும்பாலும் ஸ்லீப் நிலைதான். மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சூடாக இருந்தால், அது தூங்கவில்லை என்று பொருள்.

அப்பா இப்போது மல்டிமீட்டரை என்னிடம் திருப்பித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேட்டரியை அளந்து நோட்டில் எழுதுகிறார். அம்மாவின் அடுத்த கண் பரிசோதனைக்குக் காரிலேயே போய் வந்தார்கள். அன்று காலை நோட்டில் இருந்த அளவு 12.58.